கடிதத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள்

ஹவுன்ஸ்லோ சாலிஸ்பெரி வீதியில் இந்திய விசா விண்ணப்பங்களை வாங்கும் நிலையம் ஒன்று பல வருடமாக இருந்து வருகிறது. கடவுச்சீட்டை வாங்குவது, படிவத்தைச் சரிபார்ப்பது, பணத்துக்குத் துண்டு கொடுப்பது எல்லாவற்றையும் இந்தியா ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டுவிட்டது. பஞ்சாபிகளும் குஜராத்திகளும் நிறைந்த அந்த வரிசையில், சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்து ஆச்சிமாரும் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு நிற்பார்கள். அதே ஆச்சிக்கு இலங்கைப் பத்திரம் ஏதும் வேண்டுமென்றால் பிக்கடில்லி ரயிலேறி, ஹோல்போனில் மாறி, லங்காஸ்டர் கேட்டில் இறங்கி, ஹைட் பார்க் கார்டன்ஸ் 13ஆம் இலக்கக் கதவைத் தட்ட வேண்டும். ஹோல்போனில் மாறாமல் மேலே ஏறி நடந்தால் ஆல்ட்விச். அங்கேதான் 1930இல் திறந்த இந்தியா ஹவுஸ்.

இந்த இரண்டு கட்டடங்களிலும் தலைமை நாற்காலியில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு கால் நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். ஆல்ட்விச்சில் சட்ட அறிஞர் எல்.எம். சிங்வி 1997இல் விடைபெற்ற பிறகு வந்தவர்கள் எல்லாருமே இந்திய வெளிநாட்டுச் சேவைக்காரர். ரொனென் சென், கமலேஷ் சர்மா, நளின் சூரி, ரஞ்சன் மத்தாய், வை.கே. சின்ஹா, ருச்சி கனஷ்யாம், 2022இல் டாக்காவிலிருந்து மாற்றலாகி வந்த விக்ரம் துரைசாமி என்று பட்டியல் போகும். மத்தாய் டில்லியில் வெளியுறவுச் செயலாளராக இருந்துவிட்டு வந்தவர். சின்ஹா கொழும்பில் உயர்ஸ்தானிகராக இருந்துவிட்டு வந்தவர். அதாவது வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பிரித்தானிய எம்.பி. ஈழத்தமிழர் பற்றிப் பேச்செடுத்தால், எதிரில் இருந்தவருக்கு யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஹைட் பார்க் கார்டன்ஸில் நடந்தது வேறு. ஃபாயிஸ் முஸ்தபா சட்டத்தரணி. அவருக்குப் பின் வந்த க்ஷேனுகா செனவிரத்ன சேவைக்காரர். அடுத்தவர் நிஹால் ஜயசிங்க, உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். கிறிஸ் நோனிஸ் மருத்துவர், வணிகர். அமரி விஜேவர்தன தொழில் நிறுவனத் தலைவி. பிறகு மனிஷா குணசேகர, சரோஜா சிறிசேன என்று இரண்டு சேவைக்காரர் வந்தார்கள். 2023இல் முன்னாள் வெளிவிவகார அமைச்சர் ரோஹித போகொல்லாகம வந்தார். இதில் யாரையும் கெட்டித்தனம் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. நீதியரசரை விட இரண்டாம் செயலாளருக்குச் சட்டம் கூடத் தெரியும் என்று யார் சொல்வார்? பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் எழுதிய கடிதம் எந்தக் கோப்பில் கிடக்கிறது, அதை எழுதியபோது என்ன மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று தெரிந்த ஆள் அந்த நாற்காலிக்கு வந்து சேருகிறாரா என்பதுதான் கேள்வி. டில்லியில் பெரும்பாலும் வந்து சேருகிறார். கொழும்பில் வந்து சேர்ந்தாலும், வாயைத் திறக்க அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அடுத்த தேர்தல் வரைதான்.

ஆரம்பத்தில் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இந்திய வெளிநாட்டுச் சேவையை அமைக்கும் முடிவு 1946 ஒக்டோபர் 9இல் எடுக்கப்பட்டது. இலங்கை வெளிநாட்டுச் சேவை 1949இல் தொடங்கியது. இரண்டுமே போட்டிப் பரீட்சை வைத்து ஆள் எடுத்தன, இரண்டுமே வெள்ளைக்காரனின் கோப்பு முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. நேரு சாகும்வரை வெளியுறவைத் தன் கையிலேயே வைத்திருந்தார். கொழும்பில் இந்தப் பழக்கம் இன்னும் நீண்டது, 1977இல் ஏ.சி.எஸ். ஹமீது வரும்வரை பிரதமரே வெளிவிவகார அமைச்சர். அதைவிட முக்கியம், பாதுகாப்பும் வெளிவிவகாரமும் ஒரே செயலாளரின் மேசையில் கிடந்தன. சிறிமாவின் முதல் ஆட்சியில் அந்த மேசையில் இருந்த என்.கியூ. டயஸ், பின்னால் வந்த டபிள்யூ.டி. ஜயசிங்க போன்றவர்கள் சிவில் சேவைக்காரர். படையையும் தூதையும் ஒரே ஆள் பார்த்தால் அண்டை நாட்டை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அந்த ஜயசிங்கவின் கையெழுத்து ஒன்று ராமேஸ்வரத்திலும் வல்வெட்டித்துறையிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கச்சதீவு என்றவுடன் தமிழ்நாட்டில் எல்லாரும் 1974 ஜூனையும் இந்திரா காந்தியையும் சொல்வார்கள். அந்த உடன்படிக்கையின் 5ஆம், 6ஆம் பிரிவுகளில் இந்திய மீனவரும் யாத்திரிகரும் தீவுக்குப் போய்வருவது பற்றியும், படகுகளின் வழமையான உரிமை பற்றியும் சில வாசகங்கள் இருந்தன. மீனவனுக்கு ஏதோ ஒரு பிடிமானம் அதில் இருந்தது. அது போனது 1976 மார்ச் 23இல். மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்குமான கடல் எல்லை உடன்படிக்கை அன்றைக்குக் கையெழுத்தானது. கூடவே இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்குக்கும் இலங்கைச் செயலாளர் ஜயசிங்கவுக்கும் இடையே ஒரு கடிதப் பரிமாற்றம் நடந்தது. ஒரு நாட்டுப் படகும் மீனவரும் மற்ற நாட்டின் கடலிலும் பிரத்தியேக பொருளாதார வலயத்திலும் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்ற வரி அந்தக் கடிதத்தில்தான் வந்தது.

அந்தத் தேதியை ஒரு தடவை உற்றுப் பார்க்கலாம். டில்லியில் அவசரநிலை. சென்னையில் கருணாநிதி அரசு ஜனவரி 31ஆம் தேதியே கலைக்கப்பட்டிருந்தது. 1974 ஜூனில், கச்சதீவுக் கையெழுத்துக்குச் சில நாள் முன், இதே கேவல் சிங் சென்னைக்குப் பறந்து வந்து முதலமைச்சருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். 1976இல் அப்படிச் சொல்வதற்குக்கூடச் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. இரண்டு அதிகாரிகள் எழுதிக்கொண்ட கடிதம் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் உள்ள குடும்பங்களின் அடுப்பைத் தீர்மானித்தது. அதைப் பிரதமர் சொல்லித்தான் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனாலும் வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் அதிகாரிகளின் மேசையில் உருவானது. 2024 ஏப்ரலில், தேர்தல் சூட்டில் பா.ஜ.க. கச்சதீவைத் தூக்கிப் பிடித்தபோது வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பத்திரிகையாளரைக் கூட்டி எடுத்துக் காட்டியது இந்த 1976ஆம் வருடத்தையும் சேர்த்துத்தான். அவர் அந்த அமைச்சிலேயே நாற்பது வருடம் வேலை பார்த்தவர்; கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? கட்சிப் பிரசாரத்துக்கு அந்தக் கோப்பை வெளியே எடுத்தது சரியா என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், சேவைக்காரர் அமைச்சராவதில் உள்ள ஆபத்தே அதுதான். முந்தி கோப்புக்குக் காவல் இருந்தவர், இப்போது அதை ஆயுதமாகத் தூக்குகிறார்.

இந்தியக் கொள்கை அசையாத மலை என்று இதை வைத்து யாரும் நினைத்துவிடக் கூடாது. 1983க்கும் 1990க்கும் இடையில் டில்லியின் இலங்கைக் கொள்கை எத்தனை தடவை குணம் மாறியது என்று பார்த்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓர் அதிகாரியின் முகம் தெரியும். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா அனுப்பியது ஜி. பார்த்தசாரதியை. அவர் பரீட்சை எழுதிச் சேவைக்கு வந்தவரில்லை. பத்திரிகையிலிருந்து வந்து பீக்கிங்கிலும் பாகிஸ்தானிலும் ஐ.நா.விலும் தூதராக இருந்து பழுத்தவர். 'இணைப்பு சி' என்ற அதிகாரப் பகிர்வுத் திட்டம் அவர் கை பட்டது. தமிழர் என்பதாலேயே கொழும்பு அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ராஜீவ் வந்ததும் அவர் ஓரங்கட்டப்பட்டு, வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரி முன்னுக்கு வந்தார். பண்டாரி அவசரக்காரர். 1985 திம்புப் பேச்சு அவர் காலத்தது. அடுத்து வந்த ஏ.பி. வெங்கடேஸ்வரன் தன் கருத்தை விழுங்கத் தெரியாதவர். 1987 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் மாநாட்டில், சீக்கிரம் புதிய வெளியுறவுச் செயலாளர் ஒருவர் வருவார் என்று ராஜீவ் சபையறியச் சொன்னார். வெங்கடேஸ்வரன் அங்கேயே இருந்தார். அன்றைக்கே பதவியை விட்டார். 2015இல் சுஜாதா சிங்கைப் பதவிக்காலம் முடியுமுன் அனுப்பியதும் இந்த ரகம்தான். சேவைக்காரருக்கு இந்தியாவிலும் பாதுகாப்புக் கவசம் ஏதும் கிடையாது.

ஆனால் அதே ஏழு வருடத்திலும் அதற்குப் பிறகும் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் வேலை பார்த்தவர்களின் பெயரைச் சொல்கிறேன், பாருங்கள். 1985இலிருந்து 1989 வரை உயர்ஸ்தானிகர் ஜே.என். டிக்சித். 'வைஸ்ராய்' என்று கொழும்பு அவருக்குப் பட்டம் கட்டியது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை வாசகம் வாசகமாக நகர்த்தியவர் அவர். பின்னால் வெளியுறவுச் செயலாளர், அதற்கும் பின்னால் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். 1987 ஜூலையில் யாழ்ப்பாணம் போய்ப் பிரபாகரனைப் பார்த்துப் பேசி டில்லிக்கு வரச் சம்மதம் வாங்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஹர்தீப் சிங் பூரி. பின்னால் ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி, இப்போது மத்திய அமைச்சர். 1988இலிருந்து 1990 வரை முதற் செயலாளராகவும் இலங்கைக்கு வந்த இந்திய அமைதி காக்கும் படைக்கு அரசியல் ஆலோசகராகவும் இருந்தவர் ஜெய்சங்கர். தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் உயர்ஸ்தானிகராக இருந்த சிவசங்கர் மேனனும், 2004இல் வந்த நிருபமா ராவும் வெளியுறவுச் செயலாளர் ஆனார்கள். மேனன் 2009 மே மாதத்தில் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

கொழும்பு டில்லிக்காரருக்கு ஒரு பயிற்சிப் பட்டறை. ஆயிரத்துக்கு மேல் சிப்பாய்களைப் பலி கொடுத்த ஒரு தோல்வி அங்கே நடந்தது. தோல்வியைக் கண்ணால் கண்ட இளம் அதிகாரிகள் இருபது, முப்பது வருடம் கழித்து முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். இனிமேல் படை அனுப்புவதில்லை, தமிழர் பெயரைச் சொல்லிக் கொழும்போடு முறித்துக்கொள்வதும் இல்லை என்ற இன்றைய டில்லிப் போக்கு எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. அது அந்த ஆட்களின் எலும்பில் இருக்கிறது. டிக்சித் 1998இல் எழுதிய 'அசைன்மென்ட் கொழும்பு' நூலில் டில்லி போட்ட தப்புக்கணக்குகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் அந்தப் புத்தகத்தைத் திட்டுவதற்காக வாசித்த அளவுக்கு, அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று அறிவதற்காக வாசித்ததில்லை.

1987 ஜூலை 29இல் ஒப்பந்தத்தோடு கூட ராஜீவும் ஜனாதிபதி ஜே.ஆரும் மாற்றிக்கொண்ட கடிதங்களும் உண்டு. திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் பற்றியெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் தமிழர் சம்பந்தமான பகுதி என்ன பாடு பட்டது என்று எல்லாருக்கும் தெரியும்; வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றமே பிரித்தது. தாங்கி பற்றிய வரி மட்டும் சாகவில்லை. கொழும்பில் எந்த அரசு வந்தாலும் இந்திய உயர்ஸ்தானிகர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். 2022 ஜனவரி 6இல், டொலர் வற்றிப்போன கொழும்பு இறங்கி வந்தது. 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. முப்பத்தைந்து வருடம் ஒரு வரியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அரசியல்வாதியால் ஆகிற காரியமில்லை. அதே பிடியை அதிகாரப் பகிர்வுக்கான 13ஆவது திருத்தத்தில் ஏன் காட்டவில்லை என்று கேட்டால் டில்லியிடம் மரியாதையான பதில் கிடையாது. கூட்டறிக்கையில் ஒரு வாக்கியம் கிடைக்கும்.

இனி ஜெனீவா. இலங்கைச் சேவைக்காரரின் நிலையை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை. 2009 மே 27இல் மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கையே கொண்டுவந்த தீர்மானம் 29 நாடுகள் ஆதரிக்க, 12 எதிர்க்க, 6 ஒதுங்க நிறைவேறியது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தமிழருக்கு அது வெந்த புண்ணில் வேல். கொழும்புக்கு அது வெற்றி. அதை நடத்திக் கொடுத்த தயான் ஜயதிலக்க சேவைக்காரர் இல்லை. அரசியல் அறிஞர், அரசியல் நியமனம். இரண்டு மாதம் முடியுமுன் அவரையே திருப்பி அழைத்தார்கள். அதிகாரப் பகிர்வு பற்றி அவர் வெளிப்படையாக எழுதிக்கொண்டிருந்தது கொழும்புக்குப் பிடிக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆக, அரசியல் நியமனக்காரர் எல்லாம் திறமையில்லாதவர் என்ற சூத்திரமும் இங்கே உதவாது. வென்று கொடுத்தவரையும் வைத்திருக்கத் தெரியாத வீடு அது.

2012இல் அந்த இடத்துக்கு ரவிநாத ஆரியசிங்க வந்தார். சேவைக்குள்ளேயே வளர்ந்தவர், அதற்கு முன் பிரசெல்ஸில் தூதராக இருந்தவர். 2014 மார்ச்சில் ஐ.நா. விசாரணைக்கு வழி திறந்த 25/1 தீர்மானத்தை மகிந்த அரசின் பெயரால் பேரவையில் நிராகரித்தவர் அவர். 2015 ஜனவரியில் அரசு மாறியது. ஆரியசிங்க மாறவில்லை, அதே நாற்காலி. செப்டெம்பரில் புதிய தீர்மான வரைவின் கடுமையான வாசகங்களுக்கு முறைசாராக் கூட்டமொன்றில் அவர் ஆட்சேபம் சொன்னார் என்றும், அமைச்சர் மங்கள சமரவீரவின் பணிப்பு வந்து அது அடிபட்டுப் போனது என்றும் கொழும்புப் பத்திரிகைகள் பிறகு திரும்பத் திரும்ப எழுதின. 2015 ஒக்டோபர் 1இல் 30/1 தீர்மானம் இலங்கையின் இணை அனுசரணையோடு வாக்கெடுப்பில்லாமல் நிறைவேறியது. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்குபெறும் நீதிப் பொறிமுறை, காணாமல் போனோர் அலுவலகம் என்று அதில் எழுதிய ஒவ்வொன்றையும் நம்பி ஹவுன்ஸ்லோவிலும் ஹரோவிலும் எத்தனை கூட்டம் நடந்தது! 2018 இறுதியில் ஆரியசிங்க கொழும்பில் வெளிவிவகாரச் செயலாளர் ஆனார். 2019 நவம்பரில் கோட்டாபய வந்தார். 2020 பெப்ரவரியில் அமைச்சர் தினேஷ் குணவர்தன ஜெனீவாவுக்கு வந்து, இணை அனுசரணையிலிருந்து இலங்கை விலகுகிறது என்று அறிவித்தபோது அமைச்சின் செயலாளர் அதே ஆரியசிங்கதான்.

எதிர்ப்பு, உடன்பாடு, விலகல். ஆறு வருடத்தில் மூன்று நிலைப்பாடு, மூன்றுக்கும் சாட்சி ஒரே அதிகாரி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரசு சொன்னதைச் சொல்வதுதான் அவர் வேலை. உள்ளுக்குள் ஆட்சேபம் சொன்னதாகச் செய்தி வந்ததே அவருக்கு மரியாதைதான். ஆனால் எதிர்க்கரையில் இருந்து பார்ப்பவனுக்கு, இலங்கை கொடுக்கும் எந்தச் சொல்லின் ஆயுளும் அமைச்சரவையின் ஆயுளைத் தாண்டாது என்ற பாடம் அதில் இருக்கிறது. அதிகாரி தொடர்ந்தார், சொல் தொடரவில்லை. அவருக்குப் பின் செயலாளர் நாற்காலிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஜயநாத் கொலம்பகே. என்.கியூ. டயஸ் காலத்தில் பாதுகாப்பு மேசையும் வெளிவிவகார மேசையும் ஒன்றாக இருந்தது என்று சொன்னேனே, அது சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது.

இதே தீர்மானங்களில் இந்தியா எப்படி வாக்களித்தது? 2009இல் கொழும்பின் பக்கம். 2012இலும் 2013இலும் அமெரிக்கத் தீர்மானத்துக்கு ஆதரவு, தி.மு.க. கூட்டணியை விட்டு வெளியேறியதே 2013 மார்ச்சில். 2014இல் ஒதுங்கல். அந்த ஒதுங்கல்தான் சுவாரசியம். மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கிறது, தமிழ்நாட்டில் கொந்தளிப்பு, மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரமே ஆதரித்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படியிருந்தும் ஜெனீவாவில் இந்தியத் தூதர் திலீப் சின்ஹா எழுந்து, வெளியார் விசாரணை ஒரு நாட்டின் இறைமையில் தலையிடுவது என்று சொல்லி ஒதுங்கினார். காஷ்மீரை மனத்தில் வைத்து டில்லி அதிகாரிகள் எப்போதும் பிடித்து நிற்கும் கோடு அது. இரண்டு வருடம் சென்னையின் அழுத்தத்துக்கு வளைந்த கம்பி மூன்றாம் வருடம் தன் பழைய நிலைக்குப் போனது. பிறகு அரசு மாறி மோதி வந்தார். 2021இலும் 2022இலும் அதே ஒதுங்கல். காங்கிரஸ் அரசின் கடைசி வாக்கும் பா.ஜ.க. அரசின் வாக்கும் ஒன்று. இலங்கையில் இப்படி ஓர் ஒற்றுமையை எந்த இரண்டு அரசுக்கு நடுவிலும் காட்டுங்கள் பார்ப்போம்.

கொழும்பிடம் ஆள் இல்லாமல் இது நடந்ததா? கிடையாது. உலகக் கடல் சட்ட மாநாட்டை 1973இலிருந்து 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஷேர்லி அமரசிங்க. இடையில் 1976இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவர். 1995இல் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையறையின்றி நீட்டிய மாநாட்டின் தலைவர் ஜயந்த தனபால, பரீட்சை எழுதிச் சேவைக்கு வந்தவர். இந்த அளவு உயரத்துக்கு உலக மன்றத்தில் போன இந்தியச் சேவைக்காரர் மிகச் சிலரே. பார்த்தால் இந்தியச் சேவையில்தான் ஆள் பஞ்சம். நூற்று நாற்பது கோடி மக்களுக்குச் சுமார் ஆயிரம் அதிகாரிகள். சின்ன நாட்டுக் கெட்டிக்காரர் வெளியில் போய் ஒளி வீசினார்கள், வீட்டில் விளக்கேற்ற விடவில்லை. தமிழ் அதிகாரிகளின் கதை இதற்குள் இன்னொரு கதை. யோகேந்திரா துரைச்சாமி போன்றவர்கள் ஒரு காலத்தில் அந்தச் சேவையில் இருந்தார்கள். அவர் எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாண அரசாங்க அதிபராகவும் வந்தார். பிறகு தமிழ் அதிகாரிகள் தேய்ந்து போனார்கள். வெளிவிவகாரத்தின் உச்சிக்கு வந்த தமிழர் லக்ஷ்மன் கதிர்காமர், ஆனால் அவர் அமைச்சராக வந்தவர்.

உச்சத்துக்கு எதிர்ப்புறம் சொந்தக்காரர் கூட்டம். மகிந்த ராஜபக்சவின் உறவினர் ஜாலிய விக்ரமசூரிய 2008இலிருந்து 2014 வரை வாஷிங்டனில் தூதர். 2013இல் தூதரகக் கட்டடம் வாங்கிய பணத்தில் 3 இலட்சத்து 32 ஆயிரம் டொலரைத் திருப்பிவிட்டதாக அமெரிக்க நீதிமன்றத்தில் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இன்னொரு உறவினர் உதயங்க வீரதுங்க மொஸ்கோவில் ஒன்பது வருடம். மிக் விமானக் கொள்வனவு விசாரணையில் 2020இல் கைதானார். லண்டன்காரருக்கு மறக்காத காட்சி 2018 பெப்ரவரி 4 சுதந்திர தினத்தன்று நடந்தது. தூதரகத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்த தமிழரைப் பார்த்துப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த படை அதிகாரி கழுத்தை அறுப்பதுபோல் விரலை இழுத்துக் காட்டினார். கைத்தொலைபேசியில் பதிவான அந்தச் சில வினாடி, அதற்கு முன் மூன்று வருடமாகச் சேவைக்காரர்கள் கட்டியெழுப்பிய 'நல்லிணக்க' முகத்தைச் சப்பளித்துவிட்டது.

2022இல் பொருளாதாரம் விழுந்தபோது இரண்டு முறையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகர் கோபால் பாக்லே, சேவைக்காரர். டில்லியில் இலங்கை உயர்ஸ்தானிகர் மிலிந்த மொரகொட, முன்னாள் அமைச்சர். அவர் 2021 ஓகஸ்டில் போய்ச் சேரும்வரை அந்த நாற்காலி ஒரு வருடத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடந்தது. இலங்கைக்கு அதைவிட முக்கியமான தலைநகர் வேறொன்று உண்டா? மொரகொடவுக்கு நியாயம் சொல்ல வேண்டும். அமைச்சரவைத் தகுதியோடு போனார், இந்தியாவுக்கென்று ஒரு திட்ட ஆவணம் எழுதி வைத்தார், கடன் வசதிக்காகக் கதவு கதவாகத் தட்டினார். ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி வந்தது. அதே வருடம் ஏப்ரலில் காசில்லாமல் இலங்கை மூடிய தூதரகங்களில் ஒஸ்லோவும் ஒன்று. 2002 சமாதானப் பேச்சுக்கு நடுநின்ற நாட்டின் தலைநகரில் கடையைப் பூட்டியதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த நாள்களில் ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட் பக்கத்துப் பலசரக்குக் கடையொன்றில் கேட்ட பேச்சு இது. பால் வாங்க வந்த திருநெல்வேலிப் பையன், கம்பியூட்டர் வேலை, சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தான்.

“அண்ணாச்சி, அரிசி, டீசல், மருந்து எல்லாம் நாங்கதானே அனுப்பினோம். சீனாக்காரன் எட்டிப் பாத்தானா?”

கல்லாவில் இருந்த பருத்தித்துறைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: “அனுப்பினனீங்கள் தம்பி, ஆர் இல்லை எண்டது? ஆனா உங்கட அரிசிக் கப்பல் வர முந்தியே திருகோணமலைக் கடதாசியில கையெழுத்து விழுந்திட்டுது. உங்கட ஆக்கள் ஒண்டையும் மறக்க மாட்டினம். எங்கட ஆக்களுக்கு நேற்று என்ன எழுதினது எண்டே தெரியாது.”

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்கு எங்க ஆளுங்கள ஏன் திட்டுறீங்க?” என்றான்.

“திட்டேல்லை தம்பி. சொன்னனான்.”

2024இல் அநுர குமார திசாநாயக்க வந்ததும் அரசியல் நியமனத் தூதர்களைத் திருப்பி அழைத்தார்கள். டில்லிக்குச் சேவைக்காரரான மஹிஷினி கொலன்னே போனார். மாற்றத்துக்கு இது நல்ல அடையாளம். ஆனால் ஆட்சி மாறினால் இதுவும் மாறாது என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. நாடாளுமன்றத்தின் உயர்பதவிக் குழு தூதர் பெயர்களைப் பார்த்து அனுமதிக்கும் முறை இலங்கையில் இருக்கிறது. இந்தியாவில் அப்படியொன்று இல்லவே இல்லை. தாளில் பார்த்தால் இலங்கைதான் ஜனநாயகத்தில் முந்தி நிற்கிறது. அந்தக் குழு எத்தனை சொந்தக்காரரைத் திருப்பி அனுப்பியது என்று கேட்டால் பேச்சு அங்கே நின்றுவிடும். பரீட்சை, பதவி உயர்வு, மாற்றல் என்று வறண்ட விதிகளை விடாமல் பிடித்துக்கொண்டதால் இந்தியா பெற்றதை, அழகான ஒரு குழுவை வைத்து இலங்கை பெறவில்லை.

2025 ஏப்ரல் 5ஆம் தேதி மோதி கொழும்பில் இருந்தபோது இரண்டு நாட்டுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. முழு வாசகத்தையும் பொதுமக்களுக்குக் காட்டாமலே கையெழுத்திட்டார்கள் என்று கொழும்பில் எதிர்க்கட்சிகள் சத்தம் போட்டன. முந்தி இந்திய விரிவாக்கம் பற்றி இளைஞருக்கு வகுப்பெடுத்த அநுரவின் கட்சியே அதில் கையெழுத்துப் போட்டது என்பதைப் பழைய ஆட்கள் மறக்கவில்லை. அந்தத் தாளின் டில்லிப் பிரதி இந்து சமுத்திரப் பிரிவில் ஓர் இளம் அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கும். இன்னும் இருபது வருடத்தில் அவர் எந்தத் தலைநகரில் எந்தப் பதவியில் இருப்பார் என்று இப்போதே ஒருவாறு கணக்குப் போடலாம். கொழும்புப் பிரதிக்கு அப்படிக் கணக்குப் போடுவதென்றால் முதலில் அடுத்த மூன்று தேர்தலின் முடிவைச் சொல்ல வேண்டும்.